மர ரோலர் கோஸ்டரின் புதுப்பிக்கப்பட்ட ரயில்: சக்கரத்துக்கு முழு மதிப்பெண், இருக்கைக்கு இல்லை

மர ரோலர் கோஸ்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் மேட்டின் உயரத்தையும் முதல் இறக்கத்தின் செங்குத்தையும் பக்கம் பக்கமாக விவரிப்பார்கள். அதன் மேல் ஓடும் ரயிலுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். ஆனால் தண்டவாளத்தின் எந்த வளைவும் பயணியின் உடலுக்கு நேரடியாக வந்து சேர்வதில்லை. சக்கரம், பேரிங், அச்சு, அடிச்சட்டம், தரைப்பலகை, குஷன் என்று இத்தனையையும் கடந்துதான் வருகிறது; இவற்றில் ஏதேனும் ஒன்று தளர்ந்திருந்தாலும் மிக அழகாக அமைக்கப்பட்ட மேடுகூட வெறும் உதறலாகத்தான் தெரியும். ஆகவே, பழைய மர ரோலர் கோஸ்டர் ஒன்றின் ரயிலை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அந்த ரயிலை மட்டுமே தனியாக மதிப்பிட வேண்டும் என்று தோன்றியது. குறை சொல்லும் இடங்களும் இதில் இருப்பதால் பூங்காவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பழைய மர ரோலர் கோஸ்டர் வைத்திருக்கும் எந்தப் பூங்காவும் என்றாவது செய்தாக வேண்டிய வேலைதான் இது. அதனால் பெயர் இல்லாமலும் மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

இங்கே மதிப்பிடுவதற்கு அரிதான ஒரு வசதி இருந்தது. இரண்டு ரயில்களில் ஒன்று மட்டுமே பட்டறைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. மற்றொன்று பழைய நிலையிலேயே ஓடுகிறது. பொதுவாக ஒரு பூங்கா ரயிலையும் தண்டவாளத்தையும் ஒரே ஓய்வுக் காலத்தில் சரிசெய்துவிடும். பிறகு ஓட்டம் மென்மையாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லும்போது, அது புதிய மரப்பலகையின் புண்ணியமா, புதிய சக்கரத்தின் புண்ணியமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே தண்டவாளம் ஒன்றுதான், பிற்பகலும் ஒன்றுதான், வெயிலில் இளகிய கிரீஸும் ஒன்றுதான். ஒரு ரயிலில் இறங்கி மறுபடி வரிசையில் நின்று அடுத்ததில் ஏறினால், தெரியும் வேறுபாடு முழுவதும் ரயிலுடையது.

இரண்டுமே ஒரு பெட்டிக்கு மூன்று வரிசைகள், வரிசைக்கு இருவர் என்ற பழைய அமைப்பு கொண்டவை. 1904இல் தொடங்கப்பட்டு இன்றும் ரயில் பெட்டிகளைச் செய்துவரும் பிலடெல்பியா டொபாகன் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய அமைப்பு இது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னும் பின்னும் ஓர் அச்சு. ஒவ்வொரு முனையிலும் மூன்று விதச் சக்கரங்கள் வேலை செய்கின்றன. எடையைத் தாங்கி மேலே ஓடும் சக்கரம் ஒன்று. பெட்டி பக்கவாட்டில் நகர்ந்துவிடாமல் தண்டவாளத்தின் உள்விளிம்பைத் தொட்டு ஓடுவது இரண்டாவது. தண்டவாளத்துக்கு அடியில் நின்று பெட்டி மேலே எழும்பிவிடாமல் பிடிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது சக்கரத்துக்கு 1919இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்க ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர். அது இல்லாத காலத்து ரோலர் கோஸ்டர் எப்படி இருந்தது என்பதற்குப் பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் 1902இல் கட்டப்பட்ட லீப் தி டிப்ஸ் சாட்சி: பெட்டியைக் கீழிருந்து பிடிக்க ஏதும் இல்லாததால், மேடுகள் மெதுவாக ஏறி இறங்கும் அளவுக்குத்தான் இருக்க முடிந்தது. மில்லரின் சக்கரத்துக்குப் பிறகே உயரமான மேடுகளும் உடலை இருக்கையிலிருந்து தூக்கும் இறக்கங்களும் வந்தன. ஒரு ரயிலைப் புதுப்பிப்பது என்றால், பெயிண்டுக்கும் ரெக்சினுக்கும் முன்னால் இந்த மூன்று சக்கரங்களுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது என்றே பொருள் கொள்ள வேண்டும்.

அந்த இடைவெளிதான் பழைய ரயிலின் நோய். பக்கச் சக்கரம் தேயத் தேயப் பெட்டிக்கு இடமும் வலமும் அலைய இடம் கிடைக்கிறது. நேரான பாதையில்கூட அது ஒருமுறை இந்தப் பக்கம் மோதி, மறுமுறை அந்தப் பக்கம் மோதிக்கொண்டே போகும். மேல் சக்கரம் தேய்ந்தால் பெட்டி சற்றே தாழ்கிறது. அடிச்சக்கரம் தண்டவாளத்திலிருந்து கூடுதலாக விலகுகிறது. மேட்டின் உச்சியில் பெட்டி எழும்பி, அடிச்சக்கரம் தட்டி, மறுபடி விழும்போது முதுகெலும்பு வரை ஓர் அடி கேட்கிறது. பேரிங் தளர்ந்தால் இவை எல்லாமே பெருகும். இந்தப் பூங்காவின் பழைய ரயிலில் மூன்றும் இருக்கின்றன. அதில் கடைசி வரிசையில் அமர்ந்து வந்தவர் இறங்கும்போது கழுத்தைத் தடவிக்கொள்வது வழக்கமான காட்சி.

புதுப்பிக்கப்பட்ட ரயிலில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை நிலையத்தில் நின்று பார்த்தாலே ஓரளவு புரிந்துகொள்ளலாம். பெட்டிகளை அடிச்சட்டம் வரை பிரித்து, இரும்பைச் சுரண்டி, பழைய பெயிண்டின் தடிப்புகள் ஏதும் இல்லாமல் மெல்லியதாகப் பூசியிருக்கிறார்கள். இது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. வெல்டிங் இணைப்புகளில் மயிரிழை விரிசல் இருந்தால் தடித்த பெயிண்டுக்கு அடியில் அது கண்ணுக்குப் படாது. அச்சுகளையும் இணைப்புகளையும் உடைக்காமல் சோதிக்கும் முறைகளில் காந்தத் துகள் சோதனை பரவலானது: இரும்பைக் காந்தமாக்கி நுண்துகளைத் தூவினால் விரிசல் உள்ள இடத்தில் துகள் கோடாகத் திரண்டு நிற்கும். அதற்கு இரும்பு சுத்தமாக இருந்தாக வேண்டும். தரைப்பலகைகளும் பக்கப்பலகைகளும் புதிய ஒட்டுப்பலகையால் மாற்றப்பட்டுள்ளன. பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியின் முனைகளில் பழைய ரயிலில் விரல் அசையும் அளவுக்கு ஆட்டம் தெரிகிறது; புதியதில் அது இல்லை. என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று: கைப்பிடிக் கம்பிகளை மாற்றவில்லை. எத்தனையோ பேருடைய உள்ளங்கை பட்டு நடுப்பகுதி மட்டும் வழவழப்பாகி, ஓரங்களில் பழைய கருமை தங்கிய அதே கம்பிகளைக் கழற்றி, சோதித்து, அப்படியே மாட்டியிருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்த கை அங்கே வேலை செய்திருக்கிறது.

இனி ஓட்டம். ஏற்றச் சங்கிலியில் ரயில் மாட்டிக்கொண்டதும் எழும் 'டக் டக்' ஒலி இரண்டு ரயில்களிலும் உண்டு. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் கொக்கி, படிக்கட்டு போன்ற இரும்புப் பற்களின் மேல் ஒவ்வொன்றாக விழும் ஓசை அது. பழைய ரயிலில் அந்த ஒலியோடு பெட்டியின் மரமும் சேர்ந்து முனகுகிறது. புதியதில் கொக்கியின் ஒலி மட்டும் தனியாக, சீராகக் கேட்கிறது. முதல் இறக்கத்தின் அடியில்தான் உண்மையான வேறுபாடு. பழைய ரயில் பள்ளத்தின் அடியைத் தொடும்போது தொடர்ச்சியாக மூன்று நான்கு அதிர்வுகளைத் தந்துவிட்டு மேலேறுகிறது. புதியது அதே இடத்தில் ஒரே அழுத்தமாக இருக்கையில் உட்காரவைத்து, அந்த வேகத்தைச் சிந்தாமல் அடுத்த மேட்டுக்குக் கொண்டுபோகிறது. இரண்டாவது மேட்டின் உச்சியைப் புதிய ரயில் சற்றுக் கூடுதல் வேகத்தில் கடக்கிறது என்று எனக்குப் பட்டது. உராய்வில் வீணாகாத ஆற்றல் எங்காவது வெளிப்பட்டுத்தானே ஆக வேண்டும்.

இரும்புச் சக்கரங்களையே தக்கவைத்தது பாராட்டத்தக்க முடிவு. பாலியூரிதேன் பூசிய சக்கரங்கள் ஓசையைக் குறைக்கும், நுண்ணிய அதிர்வுகளை விழுங்கும். ஆனால் அவை உருளும்போது நசுங்கி மீள்வதால் இரும்பைவிடக் கூடுதலாக ஆற்றலைத் தின்னும், குளிர்ந்த காலையில் இன்னும் மந்தமாகும். மர ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் என்பது பலகைகளை அடுக்கடுக்காக வைத்து ஆணியடித்து இணைத்து, அதன் மேல் தட்டையான இரும்புப் பட்டையைப் பதித்த அமைப்பு. இரும்புச் சக்கரம் அந்தப் பட்டையின் மேல் உருளும்போது, கீழே உள்ள மரச் சட்டகம் முழுவதும் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. வாயிலில் நிற்பவருக்கே கேட்கும் அந்த முழக்கம் இல்லாமல் இதை மர ரோலர் கோஸ்டர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. புதிய ரயிலில் முழக்கம் இருக்கிறது, கடகடப்பு போய்விட்டது. பட்டறைக்காரர்கள் இந்த ஒன்றைச் சாதித்ததற்காகவே அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

வளைவுகளில் முன்னேற்றம் பாதிதான். அதற்குப் பட்டறையைக் குறைகூற முடியாது. மூன்று வரிசைகளைத் தாங்கும் நீண்ட பெட்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே தூரம் அதிகம்; இறுக்கமான வளைவில் அது வளைவின் போக்கோடு திரும்புவதில்லை, சிறிய சிறிய நேர்கோடுகளாக வெட்டி வெட்டித் திரும்புகிறது. எவ்வளவு புதிய பேரிங் போட்டாலும் இது தீராது. இதற்கு மாற்றாகத்தான் மர ரோலர் கோஸ்டர் கட்டும் கிரேட் கோஸ்டர்ஸ் நிறுவனம் ஒரு பெட்டிக்கு ஒரே வரிசை கொண்ட மில்லேனியம் பிளையர் ரயிலை 2000ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷிபார்க் பூங்காவில் லைட்னிங் ரேசர் என்ற மர ரோலர் கோஸ்டரில் அறிமுகப்படுத்தியது. பாம்பின் முதுகெலும்பு போல ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே திரும்பும் அந்த அமைப்பு வளைவில் வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட ரயிலை இந்தப் பூங்கா வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். வாங்காததே சரி என்பது என் கருத்து. இந்தத் தண்டவாளம் நீண்ட நேர்ப்பாதைகளும் தொடர் மேடுகளும் கொண்டது. திருப்பங்கள் இரண்டு முனைகளில் மட்டுமே. இரண்டு இடங்களில் கிடைக்கும் மென்மைக்காக ஒரு பழைய ரயிலை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. பென்சில்வேனியாவின் கென்னிவுட் பூங்கா தன் தண்டர்போல்ட் ரோலர் கோஸ்டரில், முன்புறம் விளக்குகள் பொருத்திய செஞ்சுரி பிளையர் ரயில்களைப் பல பத்தாண்டுகளாகப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டிவருகிறது. அவற்றைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை. தயாரித்தவரே இல்லாத ரயிலை ஓட வைக்க முடியும் என்றால், உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும் ரயிலைக் கைவிட யாருக்கும் சாக்கு இல்லை.

இவ்வளவு நேர்த்தியாக அடிச்சட்டத்தைச் செய்தவர்கள் இருக்கையில் செய்திருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. பழைய ரயிலில் வரிசைக்கு ஒரே பாதுகாப்புக் கம்பி. இருவருக்கும் பொதுவாக மடிக்கு மேல் இறங்கி, ஒரே நிலையில் பூட்டிக்கொள்ளும். தொடைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு கை அகல இடைவெளி எஞ்சியிருக்கும். மேட்டின் உச்சியில் ரயில் கீழ்நோக்கி வளையும்போது உடல் தன் போக்கில் மேலேயே போகப் பார்க்கிறது. அந்த இடைவெளிக்குள் நாம் இருக்கையை விட்டு எழுந்து, கம்பியைத் தொட்டு, மறுபடி இறங்குகிறோம். ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் ஏர்டைம் என்று கொண்டாடுவது இதைத்தான். புதிய ரயிலில் ஒவ்வொருவருக்கும் தனிக் கம்பி; பற்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லாக இறங்கி, தொடையைத் தொட்ட பிறகே நிற்கிறது. பணியாளர் வந்து சரிபார்க்கும்போது இன்னும் ஒரு பல் அழுத்துகிறார். முதல் பள்ளத்தின் அழுத்தத்தில் உடல் குஷனுக்குள் அமிழ, கம்பி தானாக இன்னொரு பல் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு வரும் மேடுகளில் எழும்புவதற்கு இடமே இல்லை. மேட்டில் உடல் மேலே போக முயல்வது தெரிகிறது, அந்த விசையைத் தொடைகள் கம்பியில் உணர்கின்றன. ஆனால் எழுவது நடப்பதில்லை. சக்கரங்கள் மீட்டுக் கொடுத்த வேகத்தின் பெரும் பகுதியைக் கம்பி பிடுங்கிக்கொள்கிறது.

இதை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது. 1978இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ் என்ற ரசிகர் அமைப்பு ஒரு மர ரோலர் கோஸ்டரைச் செவ்வியல் தகுதி உடையதாக ஏற்க வகுத்த நிபந்தனைகளில், பயணி இருக்கையை விட்டு எழும்ப இடம் தரும் பழைய பாணிக் கம்பியும், இருவருக்கும் நடுவே தடுப்பு இல்லாத இருக்கையும் அடங்கும். 1947இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் கட்டப்பட்டு, பிரித்து எடுத்துவரப்பட்டு, 1985இல் பென்சில்வேனியாவின் க்னோபெல்ஸ் பூங்காவில் மறுபடி நிறுத்தப்பட்ட ஃபீனிக்ஸ் மிக உயரமானதும் அல்ல, மிக வேகமானதும் அல்ல. அதன் கடைசி மேடுகளில் உடல் எழும்புகிறது என்ற ஒரே காரணத்துக்காக மக்கள் தொலைதூரத்திலிருந்து அதைத் தேடிப் போனார்கள். ரயிலின் கம்பி ஒரு ரோலர் கோஸ்டரின் பெயரையே ஆக்கவும் அழிக்கவும் வல்லது.

பூங்காவின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். பொதுக் கம்பியின் பெருங்குறை, இருவரில் பெரியவரின் தொடையில் அது நின்றுவிடுவது. பக்கத்தில் அமர்ந்த சிறுவனுக்குக் கம்பி எட்டாத தூரத்தில் இருக்கும். தந்தையும் மகனும் சேர்ந்து ஏறும் ஒரு பயணத்தில் இது சிறிய விஷயமன்று. அந்தச் சிறுவனைப் பொறுத்தவரை தனிக் கம்பிதான் நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது அதன் அளவை. தனிக் கம்பியை, தொடைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும்படி அமைத்து, கூடவே சீட்பெல்ட் ஒன்றைச் சேர்த்திருக்கலாம். அல்லது ஓட்டத்தின் நடுவே மேலும் இறங்காதபடி பூட்டியிருக்கலாம். இரண்டும் தொழில்நுட்பத்தில் இயலாதவை அல்ல. இங்கே தனிக் கம்பியும் உண்டு, பெல்ட்டும் உண்டு, இருவருக்கு நடுவே தடித்த தடுப்பும் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டது பாதுகாப்பைவிட வழக்குப் பயத்தைத்தான் காட்டுகிறது என்பது என் ஊகம்.

நடுத்தடுப்பும் தடித்த குஷனும் சேர்ந்து இருக்கையின் அகலத்தையும் குறைத்துவிட்டன. பழைய இருக்கையில் சற்றுப் பருமனானவர் தாராளமாக அமர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார், அவ்வளவுதான். புதியதில் இடுப்பு அகன்றவர்களுக்குத் தடுப்பு விலாவில் குத்துகிறது. பெல்ட்டின் கொக்கி குஷனுக்கும் தடுப்புக்கும் இடையே புதைந்திருப்பதால் அதைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. என் முன்வரிசையில் அமர்ந்த ஒருவருக்குக் கம்பி பூட்டும் நிலைக்கு வரவில்லை; முழு நிலையமும் பார்த்துக்கொண்டிருக்க அவர் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. வரிசையின் தொடக்கத்தில் ஒரு மாதிரி இருக்கையை வைத்திருந்தால் இந்தச் சங்கடம் அவருக்கு நேர்ந்திருக்காது. வேலை முடிந்த பெட்டியிலிருந்து கழற்றிய பழைய இருக்கைகளே எங்காவது கிடக்கும். ஒன்றில் புதிய கம்பியையும் தடுப்பையும் பொருத்தி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பயணிகளை ஏற்றும் நேரமும் கூடிவிட்டது. பழைய ரயிலில் நிலையத்து நெம்புகோலை ஒருமுறை தள்ளினால் எல்லாக் கம்பிகளும் விடுபடும். புதியதில் பணியாளர் பெட்டி பெட்டியாகப் போய்க் காலால் மிதியை அழுத்தி விடுவிக்கிறார். பிறகு ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்கிறார். இதனால் பழைய ரயில் சுற்றி வந்து, நிலையத்துக்கு வெளியே பிரேக்கில் நின்று காத்திருக்கிறது.

பெயிண்ட் நன்றாக இருக்கிறது. முன்பெட்டியின் சுருள் வேலைப்பாட்டைக் கையால் தீட்டியிருக்கிறார்கள்; ஒட்டும் படத்தால் ஏமாற்றவில்லை.

ஏறப் போகிறவர்களுக்கு: எந்தப் பெட்டியிலும் நடுவரிசையைக் கேட்டு வாங்குங்கள். முதல் வரிசையும் மூன்றாவது வரிசையும் அச்சுகளுக்கு மேலேயே அமைகின்றன. சக்கரத்தின் அடி அங்கே நேராக வரும். பழைய ரயிலில் இந்த வேறுபாடு மிகப் பெரியது; புதியதில் சிறியது, ஆனாலும் இருக்கிறது. மேடுகளின் இழுவிசை முழுதாக வேண்டும் என்றால் கடைசிப் பெட்டியின் நடுவரிசை. முழுப் பாதையையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் முதல் பெட்டியின் முன்வரிசை. காலையில் போவதைவிட மாலையில் போவது நல்லது; பகல் முழுதும் ஓடிச் சூடேறிய பேரிங்கும் இளகிய கிரீஸும் ரயிலை வேகமாக்கும். கம்பியை இறக்கும்போது நிமிர்ந்து உட்காருங்கள், அது பொருந்திய இடத்திலேயே விட்டுவிடுங்கள். நீங்களாகவே மேலும் அழுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை, சரிபார்க்கும் வேலையைப் பணியாளர் செய்துகொள்வார்.

இரண்டாவது ரயிலும் வரும் ஓய்வுக் காலத்தில் பட்டறைக்குப் போகிறது என்று நிலையப் பணியாளர் ஒருவர் சொன்னார். அதன் அச்சுகளையும் சக்கரங்களையும் முதல் ரயிலுக்குச் செய்தது போலவே செய்யட்டும்; கம்பியையும் குஷனையும் தொடுவதற்கு முன் முதல் ரயிலிலிருந்து இறங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். அதுவரை, கழுத்து தாங்கும் என்றால், பழைய ரயில் நிலையத்துக்குள் வரும் முறைவரை காத்திருந்து அதில் ஒருமுறை ஏறிவிடுவது நல்லது. வரிசையில் பின்னால் நிற்பவரை முன்னே விட்டால் பணியாளர்கள் ஒன்றும் சொல்வதில்லை.